வேளைக்கு ரெண்டு பிடி

பக்கத்து வீட்டுக் கொத்தனாருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. தெருவுக்கே அவர் கொத்தனார், எனக்கு அண்ணன். அவர் பூசிய சுவரில் எறும்புகூட வழுக்கும். பேச்சுதான் வராது. காசு கொடுத்துப் பேசச் சொன்னாலும் 'சரி' என்ற ஒரு சொல்லுக்கு மேல் தேறாது. ஒரே ஒரு முறை அவர் கத்திக் கேட்டிருக்கிறேன். எங்கள் மாடிப்படி கட்டும்போது, கலவை போட்ட சித்தாள் சிமெண்டை ஒரு சட்டியிலும் மணலை வேறு சட்டியிலும் அளந்துவிட்டாள். "சட்டி மாறினா கலவை கெட்டுச்சு! ஒண்ணுக்கு நாலுன்னா எந்தச் சட்டிக்கு ஒண்ணு, எந்தச் சட்டிக்கு நாலு?" என்று அன்று குதிகுதியென்று குதித்தார்.

அவர் பேசாத பேச்சையும் சேர்த்துப் பேசித் தீர்த்தவர் அவர் மனைவி, எனக்கு அண்ணி. ஆள் ஒல்லி, குள்ளம், வாய் மட்டும் நாலு ஆளுக்கு இருக்கும். பிள்ளையில்லாத வீட்டில் பழுப்பு நிற நாய் ஒன்றை வளர்த்தார். தட்டைக் கொண்டுவந்து மூக்குக்குக் கீழே வைத்தாலொழிய அது எழுந்திருக்காது. அதனால் அதற்குத் துரை என்று பெயர். "துரை எழுந்து வர்றீங்களா, இல்ல நான் ஊட்டி விடணுமா?" என்ற சத்தம் தினமும் என் சமையலறை வரைக்கும் கேட்கும்.

அண்ணி ஆஸ்பத்திரியில் கடைசியாகத் தெளிவாகப் பேசிய அன்று நானும் கட்டில் பக்கத்தில் இருந்தேன். புருஷனிடம் உடம்பைப் பார்த்துக்கோங்க என்பார், வேளைக்குச் சாப்பிடுங்க என்பார் என்று நான் முந்தானையைத் தயாராக வைத்துக்கொண்டு நிற்கிறேன். அவர் சொன்னது வேறு.

"துரைக்கு வேளைக்கு ரெண்டு பிடி. அவ்வளவுதான். மூஞ்சியப் பாத்துக் கெஞ்சும். ஏமாந்துடாதீங்க."

"சரி" என்றார் அண்ணன்.

அந்தச் 'சரி'யை அவர் காப்பாற்றியதுபோல் வேறு யாரும் எந்த வாக்கையும் காப்பாற்றி நான் பார்த்ததில்லை. காலையில் வேலைக்குக் கிளம்பும்முன் ரெண்டு பிடி, திரும்பி வந்ததும் ரெண்டு பிடி. பழைய பெயிண்ட் வாளியில் கொட்டி வைத்த நாய்த்தீனியை அள்ளித் தட்டில் போடுவார். நான் மிச்சம் மீதி எதையாவது கொண்டுபோனாலும் வாசலிலேயே மறித்துவிடுவார். "வேண்டாம்மா. அவ சொல்லியிருக்கா."

துரை ஊதிக்கொண்டே போயிற்று. வயசாகிவிட்டது என்றோம். ஏக்கம் என்றோம். ஏக்கத்தில் இளைப்பார்கள், யாராவது பெருப்பார்களா என்று கேட்கும் புத்தி எனக்கும் இல்லை. ஒருநாள் வாசற்படி ஏற முடியாமல், நாக்குத் தொங்க மூச்சு இரைத்துக்கொண்டு பாதியில் உட்கார்ந்துவிட்டது. எங்கள் சரக்கு வண்டியில் தூக்கி வைத்து நாய் டாக்டரிடம் ஓடினோம்.

டாக்டரம்மா சின்ன வயசுக்காரி. எடை பார்த்தார், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார், முகம் மாறியது.

"எவ்வளவு சாப்பாடு போடறீங்க?"

"வேளைக்கு ரெண்டு பிடி. அதுக்கு மேல ஒரு உருண்டை போட்டதில்லம்மா." சொல்லும்போது அண்ணன் முகத்தில் ஒரு பெருமை தெரிந்தது.

"யார் கைக்கு ரெண்டு பிடி?"

அண்ணனுக்குக் கேள்வி விளங்கவில்லை. டாக்டரம்மா கையைக் காட்டச் சொன்னார், அண்ணன் காட்டினார். சிமெண்டில் வெடித்துத் தடித்துப்போன கை. 'இது கையா, கலவைச் சட்டியா' என்று அண்ணி கிண்டல் பண்ணும் அதே கை.

"முன்னாடி யாரு போட்டாங்க?"

"இவர் சம்சாரம்" என்றேன் நான். "இப்ப இல்ல."

"அவங்க கை எவ்வளவு பெருசு இருக்கும்?"

அண்ணன் வலது கையைத் தூக்கி, விரல்களை விரித்து அளவு காட்டப் பார்த்தார். கொஞ்சம் குறுக்கினார். மறுபடி விரித்தார். பிறகு கையைத் தொங்கப் போட்டுவிட்டார். "சட்டி மாறிப்போச்சு" என்றார், தனக்குத்தானே.

டாக்டரம்மா நல்ல மாதிரி, திட்டவில்லை. "இப்ப இருக்கிற எடைக்குக் கணக்குப் போடக் கூடாதுங்க. உங்க வீட்டம்மா போட்டப்ப என்ன எடையோ, அதுக்குத்தான் போடணும்" என்று சொல்லி, பழைய பதிவேட்டில் இருந்த எடையையும் துரையின் வயசையும் பார்த்துக் கணக்குப் போட்டு, ஒரு பிளாஸ்டிக் கப்பில் கோடு கிழித்துக் கொடுத்தார். "பிடிக்குப் பதிலா இந்தக் கப்பு. வேளைக்கு ரெண்டு. இதயம் ரொம்ப சிரமப்படுது. பிழைச்சுடும்னு வாக்குக் குடுக்க முடியல."

அன்று சாயங்காலம் நானும் கூடப் போய் நின்றேன். அண்ணன் கோடு வரைக்கும் அள்ளினார். தட்டில் போடாமல், என்ன தோன்றியதோ, தன் உள்ளங்கையில் கொட்டினார். நடுக்குழியில் சின்னக் குவியலாக நின்றது. சுற்றிலும் கை காலியாகக் கிடந்தது.

"இவ்வளவுதானாம்மா அவ கை?" என்றார். "கைப்பிடிச்சுக் கூட்டிட்டு வந்தவன் நான். அந்தக் கை இத்துனூண்டுன்னு எனக்கே தெரியாமப் போச்சே." அப்படியே உட்கார்ந்து அழுதார். பிறகு கையிலிருந்ததைத் தட்டில் போட்டார், ரெண்டாவது கப்பையும் அப்படியே அளந்து போட்டார்.

துரை நொடியில் தட்டைக் காலி பண்ணிவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தது. பிறகு தள்ளாடிப் போய்ச் சமையலறை வாசலில் உட்கார்ந்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தது. பாக்கி அங்கேயிருந்து வரும் என்று நினைத்ததோ என்னவோ. அண்ணி இருந்தால் விரட்டுவார். "போதும், போங்க துரை" என்று அண்ணன்தான் அன்று சொன்னார்.

அதன்பின் ஒவ்வொரு வேளையும் அப்படித்தான். கப்பிலிருந்து கைக்கு, கையிலிருந்து தட்டுக்கு. துரை இளைத்தது, மறுபடி படியேறியது, எங்கள் வீட்டுப் பூனையைத் துரத்தவும் பார்த்தது. தப்பித்துவிட்டது என்றே நம்பினோம். ஒரு மழைநாள் காலையில் தட்டை மூக்குக்குக் கீழே வைத்தும் அது எழுந்திருக்கவில்லை. கொல்லையில் குழி தோண்டி, மேலே அண்ணனே சிமெண்டு பூசினார்.

அன்று சாயங்காலம் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். அண்ணன் பெயிண்ட் வாளிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். கோடு வரைக்கும் அளந்து உள்ளங்கையில் கொட்டியிருந்தார். கொண்டுபோன பாத்திரத்தைச் சத்தம் வராமல் கீழே வைத்தேன். அவர் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி அதைப் பிடித்துக்கொண்டார், இறுக்காமல்.