கலந்து போட்ட கதிரைகள்

வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற ஆளில்லை நான். அதனால்தானோ என்னவோ, நல்லிணக்கத் திட்டங்களைக் கண்காணிக்கும் வேலை எனக்கு வாய்த்தது. போர் முடிந்து சனம் ஊர் திரும்பிக்கொண்டிருந்த காலம். வடக்கே முசலிப் பக்கத்து ஊரொன்றுக்குக் குடிநீர்க் கிணறு கட்டிக் கொடுப்பதாக ஏற்பாடு. தமிழரும் முஸ்லிம்களும் ஒரே குழுவாக இருந்தால்தான் நிதி வரும். ஒன்றாக இருக்கிறார்களா என்று மாதாமாதம் பார்த்து எழுத வேண்டியவள் நான்.

நான் வேலை செய்யும் கந்தோரின் வாகனத்தில் போய் இறங்கும்போதெல்லாம் தகரக் கொட்டகைக்குள் கதிரைகளை வட்டமாகப் போட்டுக் கலந்து உட்கார்ந்திருப்பார்கள். ஒரு பொட்டு, பக்கத்தில் ஒரு முக்காடு. ஒரு திருநீற்று நெற்றி, பக்கத்தில் ஒரு தொப்பி. யாரும் யாரையும் மறுத்துப் பேச மாட்டார்கள். குடிக்கப் பிளேன்ரீ வரும், நான் படம் எடுப்பேன். எங்கள் வீட்டில் இருப்பது மூன்றே பேர்; ஒரு குழாய்க்கு நாள்தோறும் சண்டை. இவர்கள் மட்டும் எப்படி? என்னை வைத்து நாடகம் ஆடுகிறார்கள் என்று எரிச்சலாக இருந்தது.

ஒருநாள் சொல்லாமல் பஸ்சில் போனேன். கையும் களவுமாகப் பிடிக்கும் ஆசைதான்.

சத்தம் ரோட்டுக்கே கேட்டது. உள்ளே கதிரைகள் இரண்டு பக்கமாகப் பிரிந்து கிடந்தன. நான் நினைத்தது சரி என்று ஒரு சந்தோஷம் வந்தது, அதை மறைக்க மாட்டேன். தட்டி மறைவில் நின்றேன். கிணறு எந்தப் பக்கம் என்று தொடங்கிய வாக்குவாதம் எங்கேயோ போயிருந்தது. புத்தளத்தில் அகதியாக இருந்து திரும்பிய முஸ்லிம் பெண் ஒருத்தி, தன் பழைய அயல்வீட்டுக்காரரான வயல்காரத் தமிழ்ப் பெரியவரைப் பார்த்துக் கேட்டாள்.

“அண்ணே, இயக்கம் எங்களை ஊரை விட்டு அனுப்பின அண்டைக்கு நீங்க உங்கட வீட்டுப் படலைக்க நிண்டு பாத்துக்கொண்டிருந்தீங்க. ஏன் ஒரு வார்த்தை சொல்லல்ல?”

அவர் சால்வையால் முகத்தைத் துடைத்தார்.

“தங்கச்சி, அண்டைக்கு நான்…”

நன்றாகக் கேட்க வேண்டுமென்று ஓரடி முன்னால் வைத்தேன். அவர் என்னைக் கண்டுவிட்டார்.

“மிஸ் வந்திட்டா” என்றார்.

அவ்வளவுதான். எல்லோரும் எழும்பிக் கதிரைகளைத் தூக்கி மறுபடியும் வட்டமாகக் கலந்து போட்டார்கள். கிணறு கைநழுவிப் போய்விடும் என்ற பயம் அவர்கள் முகத்தில் தெரிந்தது. பெரியவர் அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் போய் இருந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். அவளும் சிரித்தாள். விட்ட இடத்திலிருந்து பேசுங்கோ என்று கெஞ்சாத குறையாகக் கேட்டேன். கிணற்றுக் கதைதான், வேறொன்றும் இல்லை என்றார்கள்.

கலந்து இருந்தார்கள் என்றே அறிக்கையில் எழுதினேன். கிணறு வந்தது. திறப்பு விழாப் படத்திலும் இருவரும் அருகருகேதான் நிற்கிறார்கள்.

சில வருடங்களுக்குப் பிறகு அந்தப் பக்கம் போனபோது, பெரியவர் இறந்துவிட்டதாகச் சொன்னார்கள். செத்த வீட்டுக்கு முதல் ஆளாகப் போனவள் அந்தப் பெண்தானாம். கிணற்றடியில் அவளைக் கண்டு, அன்றைக்குச் சொல்ல வந்ததை அவர் பிறகு சொன்னாரா என்று கேட்டேன்.

அவள் வாளியை இறக்கி வைத்தாள்.

“இல்லை மிஸ். நீங்க வந்ததோட சரி.”