முன் இருக்கையில் மும்தாஜ்

காலை ஒன்பதரைக்கு நான் திண்டுக்கல் பேகம்பூருக்குப் போய்ச் சேர்ந்தபோது, மும்தாஜ் தன் தையல் கடை வாசலில் ஒரு துணிப்பையை நெஞ்சோடு அணைத்தபடி நின்றிருந்தாள். பைக்குள் ஒரு கல்யாணப் பெண்ணின் ரவிக்கைகள். குஜிலியம்பாறையைத் தாண்டி ஐந்து கிலோமீட்டரில் ஒரு கிராமம். அன்று மாலை அங்கே நிச்சயதார்த்தம், மறுநாள் முகூர்த்தம். ரவிக்கைகளின் ஆரி வேலை முடிவதற்குள் விடிந்துவிட்டது. அந்த ஊருக்கு நேராகப் போகிற ஒரே பஸ்ஸும் அதற்குள் கிளம்பிப் போயிருந்தது. வழக்கமாக பைக்கில் கொண்டுபோய்க் கொடுக்கும் அவள் கணவர் சென்னையில் இருந்தார். வேறு வழியில்லாமல்தான் என்னைக் கூப்பிட்டாள்.

மும்தாஜும் நானும் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். நான் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். பழைய கார் ஒன்றை வாங்கி, ஓட்டக் கற்று ஒரு வருடம்கூட ஆகவில்லை. 'பொம்பளை ஓட்டுறா பாரு, அதான் உருட்டுறா' என்று ஒருவரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகவே சற்று வேகமாக ஓட்டுவேன். அதை நான் திறமை என்று நினைத்திருந்தேன்.

மும்தாஜ் பின்கதவைத் திறந்து ஏறினாள். காரணம் எனக்குத் தெரியும். மூன்று வருடம் முன்பு வாடகைக் கார் ஒன்றில் முன்னால் உட்கார்ந்து கரூர் போகும்போது விபத்து. வலது மணிக்கட்டில் இன்னும் பிளேட் இருக்கிறது. தையல்காரிக்கு வலது கை! ஆறு மாதம் அவள் மிஷினைத் தொடவில்லை. அதன்பிறகு பஸ், ஆட்டோ தவிர வேறெதிலும் ஏறியதில்லை.

பேகம்பூர்த் தெருக்களில் காரை வெளியே எடுப்பதே ஒரு பரீட்சை. பள்ளிவாசல் முக்கில் பழவண்டி, எதிரே லோடு ஆட்டோ, நடுவில் ஒரு ஸ்கூட்டி. ஹாரன் அடித்து அடித்து வழி வாங்கினேன். கண்ணாடியில் பார்த்தபோது மும்தாஜ் மேலே இருந்த கைப்பிடியை இரு கையாலும் பிடித்திருந்தாள்.

குஜிலியம்பாறைக்கு எரியோடு வழிதான் நேர்வழி. நாற்பது கிலோமீட்டருக்குள்தான் வரும். அங்கே ரோடு வேலை நடக்கிறது என்று கேள்விப்பட்டு, வேடசந்தூரைச் சுற்றிப் போகலாம் என்று கரூர் ரோட்டைப் பிடித்தேன். அவளுக்கு அடிபட்டது இந்தப் பக்கம்தான் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. ஒரு மில் வேனை முந்தினேன். ஒரு மணல் லாரியை முந்தினேன். தாடிக்கொம்பு வந்தபோது பின்னாலிருந்து மெல்லிய குரல் கேட்டது.

"செத்த நிறுத்துடி."

பெருமாள் கோயில் கோபுரம் தள்ளித் தெரிந்தது. ஒரு டீக்கடை ஓரமாக நிறுத்தினேன். மும்தாஜ் இறங்கி, பெஞ்சில் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கி முகம் கழுவினாள். பதினைந்து ரூபாய் டீ இரண்டு வந்தது. அவள் தொடவில்லை.

"நீ போ ஜெயா. நான் பஸ்ஸுல போயிக்கிறேன்."

"அந்த ஊருக்கு ஏதுடி பஸ்ஸு?"

"குஜிலியம்பாறைல எறங்கி ஆட்டோ கெடச்சா பாக்குறேன். இல்லாட்டி நடக்குறேன். நீ நல்லாத்தான் ஓட்டுற. எனக்குத்தான் ஏலல."

எனக்குச் சுருக்கென்றது. லீவு போட்டு, பெட்ரோல் போட்டு வந்தவளை இப்படிச் சொன்னால் கோபம் வராதா? வாயைத் திறக்கப் போனேன். அவள் அதற்குள் தானாகவே பேச ஆரம்பித்தாள். அந்த விபத்தைப் பற்றி அவள் என்னிடம் விவரமாகப் பேசியது அன்றுதான்.

"அந்த டிரைவரு அம்புட்டு வேகமாவும் போகலடி. பாட்டுக் கேட்டுக்கிட்டு சும்மாத்தான் வந்துச்சு. திடீர்னு வலதுபக்கம் ஒடிச்சுச்சு. எதுக்கு ஒடிக்குது, என்னத்தப் பாத்துச்சு, எனக்கு ஒண்ணுந் தெரியல. அடுத்து என்ன நடக்கப் போகுதுன்னு தெரியாம ஒக்காந்திருக்கேன் பாரு, அதான் இன்னும் போகல. இப்ப நீ அந்த லாரியத் தாண்டுனப்பவும் அதேதான் வந்துச்சு."

வேடசந்தூர் பஸ் ஒன்று வந்து நின்று கிளம்பியது. அவள் எழுந்திருக்கவில்லை, எழுந்திருக்க முடியவில்லை என்று நினைக்கிறேன்.

"சரி," என்றேன். "நான் என்ன செய்யப் போறேன்னு செய்யிறதுக்கு முன்னாடி ஒனக்குச் சொல்லிடுறேன். ஒவ்வொண்ணும். நீ முன்னாடி வந்து ஒக்காரு. நான் பாக்குறத நீயும் பாரு. ஏலலன்னா சொல்லு, அங்கனயே நிறுத்திடுறேன்."

ஆறிய டீயைக் குடித்து முடிக்கும்வரை யோசித்தாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு முன்கதவைத் திறந்தாள்.

"கண்ணாடியப் பாத்துட்டேன், பின்னால ஒருத்தரும் இல்ல. கெளம்புறேன்," என்று ஆரம்பித்தேன். வகுப்பில் கரும்பலகைக்கு முன்னால் நிற்பதுபோல எனக்கே சிரிப்பாக இருந்தது. "முன்னாடி ஒரு மொபெட்டு, புல்லுக்கட்டு வச்சிருக்காரு. அவரு ஆடுவாரு. நான் பின்னாடியே போறேன். இப்ப தாண்டுறேன், நல்லாத் தள்ளி."

இரண்டு கிலோமீட்டருக்குள் எனக்கு ஒன்று விளங்கியது. வாயால் சொல்லவேண்டும் என்றால் முதலில் கண்ணால் பார்த்திருக்கவேண்டும். பார்த்ததை வைத்து ஒரு முடிவுக்கு வந்திருக்கவேண்டும். அதுவரை நான் காலாலேயே முடிவெடுத்துக்கொண்டிருந்தேன். கால் அழுத்திய பிறகுதான் புத்தி போய்ச் சேரும். இப்போது சொல்வதற்கு நேரம் வேண்டியிருந்ததால், வேகம் தானாகக் குறைந்தது. பஸ் நிறுத்தத்தில் குழந்தையோடு நிற்கும் பெண் ரோட்டைக் கடக்கப் போகிறாளா, நின்ற ஆட்டோவின் மறுபக்கம் யாராவது இறங்குகிறார்களா என்றெல்லாம் அதுவரை நான் பார்த்ததே இல்லை. அவர்கள் தினமும் அங்கேதான் இருந்திருப்பார்கள்.

நான் ஒன்றைச் சொல்ல மறந்தால் மும்தாஜ் உடனே என் பக்கம் திரும்பினாள்.

வேடசந்தூரில் நூற்பாலை வேன்களுக்கு நடுவே கிழக்கே திரும்பினோம். அங்கிருந்து நிலம் காயத் தொடங்குகிறது. மானாவாரிக் காடுகள், சோளத்தட்டை, முருங்கைத் தோப்புகள், பனை. ரோடு குறுகி, மேடும் பள்ளமுமாக ஏறி இறங்கும். ஒரு மேட்டில், முருங்கைக்காய் மூட்டை ஏற்றிய டிராக்டருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டேன். எனக்குப் பின்னால் ஒரு தனியார் பஸ். ஹாரனிலிருந்து கையையே எடுக்கவில்லை. மணி பதினொன்றரை ஆகியிருந்தது. பெண் வீட்டிலிருந்து இரண்டு தடவை போன் வந்துவிட்டது.

"எதிர எதுவும் தெரியல," என்றேன். "டிராக்டரத் தாண்டப்..."

பாதியில் என் காதிலேயே அந்த வார்த்தை விழுந்தது. தெரியல. மேட்டுக்கு அப்பால் ரோடு பள்ளத்தில் இறங்கியிருந்தது. அங்கே வண்டி இல்லை என்று அர்த்தமில்லை. இருந்தாலும் தெரியாது, அவ்வளவுதான்.

"இல்ல. தாண்டல. அந்தப் பக்கம் பள்ளம், எனக்குத் தெரியல. பின்னாடியே போறேன்."

பஸ் இன்னும் பலமாக அலறியது. எனக்குக் காது சூடாகியது. அடுத்த நொடி பள்ளத்திலிருந்து ஒரு மினி பஸ் முழு வேகத்தில் மேலேறி வந்து, எங்களைக் கடந்து போனது. அதன் காற்றில் கார் ஒருமுறை அசைந்தது.

பின்னால் ஹாரன் நின்றுவிட்டிருந்தது. அந்த டிரைவரும் பார்த்திருப்பார்.

கொஞ்ச தூரம் போனபிறகு மும்தாஜ் கேட்டாள்: "அந்தப் பஸ்ஸுக்காரன் அம்புட்டு அடிச்சானே, ஒனக்கு வெக்கமா இல்லையா?"

"இருந்துச்சு."

"ம்," என்றாள். பிறகு அதுவரை மடியில் இறுக்கிப் பிடித்திருந்த பையை எடுத்துப் பின் இருக்கையில் போட்டாள்.

குஜிலியம்பாறைக் கடைவீதியைத் தாண்டி, கிளைச்சாலையில் ஐந்து கிலோமீட்டர் போய் அந்த ஊரைச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டு. வாழைமரம் கட்டிய வாசலில் பெண்ணின் அம்மா ஓடி வந்தார்.

"நீங்களா ஓட்டியாந்தீக? இம்புட்டு வெயில்ல!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

முகூர்த்த ரவிக்கையின் கை இறுக்கமாக இருந்தது. பெண் அழத் தயாராகிவிட்டாள். மும்தாஜ் அங்கேயே தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, தையலைப் பிரித்து, அரை விரல் அளவு விட்டுத் தைத்துக் கொடுத்தாள். பெண் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தபிறகுதான் வீட்டில் எல்லோருக்கும் மூச்சு வந்தது. சாப்பிடாமல் விடமாட்டோம் என்றார்கள். சோறு, முருங்கைக்காய்ச் சாம்பார், தொட்டுக்கொள்ள வெஞ்சனமாகக் கத்தரிக்காய். காலையில் டீயை ஆறவிட்டு உட்கார்ந்திருந்த மும்தாஜ் இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டாள்.

மூன்று மணிக்குத் திரும்பினோம். அவளாகவே முன்னால் ஏறினாள். நான் சொல்லிக்கொண்டே ஓட்டினேன்: ஆட்டு மந்தை, நிறுத்துறேன், எதிர லாரி, ஓரம் போறேன், வேகத்தடை, மெதுவா ஏறுறேன். இனி கரூர் ரோட்டில் ஏறவேண்டும். அது அவளுக்கு எப்படி இருக்குமோ என்று யோசித்து, வேடசந்தூர் பஸ் நிலையத்தருகே ஓரம் கட்டினேன்.

"மும்தாஜு, திண்டுக்கல் பஸ்ஸு நிக்குது பாரு. வேணும்னா அதுல வா. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்."

அவள் பஸ்ஸைப் பார்த்தாள். படிவரைக்கும் ஆள் தொங்கியது. பிறகு என்னைப் பார்த்தாள்.

"காலைலேர்ந்து லாரி வருது, மாடு வருதுன்னு காதத் தின்னுட்ட. எனக்கும் கண்ணு இருக்குல்ல? பேசாம ஓட்டுடி."

பேசாமல் ஓட்டினேன். வாய்தான் மூடியிருந்தது. உள்ளே சொல்லிக்கொண்டேதான் வந்தேன்: பள்ளி விட்டுப் பிள்ளைகள் வருகிறார்கள், மெதுவாக, சைக்கிள் பெரியவர் பின்னால் பார்க்கவில்லை, அவர் போகட்டும், அந்த அம்மா தண்ணீர்க் குடத்தோடு கடக்கிறார், நிற்கிறேன். தூரத்தில் திண்டுக்கல் மலைக்கோட்டையின் பாறை தெரிய ஆரம்பித்தது. மும்தாஜ் கண்ணாடியை இறக்கிவிட்டு, காற்றில் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, கல்யாண வீட்டுக் கத்தரிக்காயில் உப்பு தூக்கல் என்று குறை சொல்லிக்கொண்டு வந்தாள்.