எழுந்திருக்காதே என்று சொல்லியிருந்தேன்

விழுப்புரம் பேருந்து நிலையத்தில் பண்டிகைக் கூட்டத்தில் இடம் பிடிக்க எங்கள் வீட்டில் ஒரு வழி இருந்தது. திண்டிவனம் வண்டி உள்ளே திரும்பும்போதே பக்கத்தில் ஓடி, ஜன்னல் வழியாக மகளைத் தூக்கி உள்ளே விட்டுவிடுவேன். பின்னாலேயே பையையும் போடுவேன். "யாரு வந்து எழுந்திருன்னாலும் எழுந்திருக்காத. அம்மா வர்ற வரைக்கும் பையை விடாத." நான் படியில் நெரிபட்டு ஏறி வருவதற்குள், அவள் இரண்டு பேர் இடத்தில் காலை நீட்டி, பையைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருப்பாள்.

ஒருமுறை ஒரு பெரியவர், "இன்னா பாப்பா, பஸ்ஸ விலைக்கு வாங்கிட்டியா? நவுந்து உக்காரு" என்று அவளை அதட்டிக்கொண்டிருந்தார். "எங்கம்மா வருது. எழுந்திருக்க மாட்டேன்" என்றாள். திண்டிவனத்தில் என் தம்பியிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். "இவள எம்.எல்.ஏ. சீட்டுல உக்கார வெச்சிப் பாருக்கா, எவனாலயும் எழுப்ப முடியாது" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். அந்தப் பெரியவர் திண்டிவனம் வரை நின்றுகொண்டே வந்ததை மட்டும் சொல்லவில்லை.

பிறகு என் கணவருக்கு டெல்லிக்கு மாற்றலானது. அரையாண்டு விடுமுறைக்கு எங்கள் இருவருக்கும் விமானச் சீட்டு எடுத்து அனுப்பினார். மகளுக்கு எட்டு வயது. அவளுக்கும் எனக்கும் அதுதான் முதல் விமானம்.

நான் எதற்கும் பயப்படுகிறவள். விமான நிலையத்தில் ஒவ்வோர் இடத்திலும் ஏதோ ஒன்றைச் செய்யக் கூடாது என்று எழுதி வைத்திருந்தார்கள். எங்கள் ஊரில் மல்லாட்டை என்று சொல்லும் வறுத்த வேர்க்கடலையும் கேப்பை மாவும் வைத்திருந்த பையை இரண்டு தடவை சோதனைக் கருவிக்குள் அனுப்பினார்கள். தாலிச் சரட்டில் மாட்டியிருந்த ஊக்குகளுக்காகக் கருவி கத்தியது. சோதனை செய்த பெண் காவலர் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார், ஆனாலும் எனக்கு வியர்த்துவிட்டது. உள்ளே போய் உட்கார்ந்தால், உடைமைகளைத் தனியே விட்டுச் செல்லாதீர்கள், விட்டால் அப்புறப்படுத்தப்படும் என்று மூன்று மொழிகளில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சொல்வதையெல்லாம் அப்படியே நம்பினேன்.

கழிவறைக்குப் போக வேண்டியிருந்தது. மகளைக் கூட்டிக்கொண்டு, பையையும் எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். போனால் இடம் போய்விடும் என்று தோன்றியது. அங்கே காலி நாற்காலிகள் வரிசை வரிசையாகக் கிடந்தன, இருந்தும் தோன்றியது. "யாரு கூப்பிட்டாலும் எழுந்திருக்காத. பையை விட்டா எடுத்துக்கினு போயிடுவாங்க. வந்து முதுகுத் தோலை உரிச்சிடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனேன்.

கை கழுவும்போது மணி அலறியது. "வெளிய வாங்க, எல்லாரும் வெளிய" என்று யாரோ கத்தினார்கள். வெளியே வந்தால், தீனிக் கடைப் பக்கம் கூரையை ஒட்டிப் புகை பரவிக்கொண்டிருந்தது. மகள் இருந்த பக்கம் ஓடப் பார்த்தேன். சீருடைக்காரர்கள் கையை விரித்து எல்லோரையும் எதிர்ப்பக்கம் தள்ளினார்கள். திறக்கக் கூடாது என்று எழுதியிருந்த கதவு அகலமாகத் திறந்து கிடந்தது. கூட்டம் என்னை இரும்புப் படிகளில் இறக்கி வெயிலில் கொண்டுபோய் நிறுத்தியது.

திரும்பி ஏறப் போனேன். கீழ்ப்படியில் ஒரு காவலர் மறித்தார்.

"உள்ள போகக் கூடாதும்மா. வெளிய வந்தவங்க மறுபடி செக் ஆகித்தான் போகணும்."

"எம் பொண்ணு உள்ள இருக்குதுங்க."

"எல்லாரையும் கூட்டிக்கினு வந்துடுவாங்க."

"அது வராதுங்க. நான் சொன்னாத்தான் எழுந்திருக்கும்."

அவருக்குப் புரியவில்லை. புகைக்குள் ஒரு குழந்தை கூப்பிட்டும் வராமல் இருக்கும் என்று யார்தான் நம்புவார்கள்? அவருடைய கையை இழுத்தேன், ஏதேதோ திட்டினேன். ஒரே வாசலில் ஆட்களை வேகமாக வெளியே விடவும் வேண்டும், ஒருவரையும் உள்ளே விடாமல் காக்கவும் வேண்டும் என்ற அவருடைய வேலை எனக்கு அப்போது உறைக்கவில்லை. அவர் என்னைத் தள்ளிவிடவில்லை. நான் சொன்ன இடத்தைக் கையிலிருந்த வாக்கி-டாக்கியில் யாரிடமோ சொன்னார். படியில் வந்த ஒவ்வொரு முகமும் வேறு யாருடையதாகவோ இருந்தது. பிறகு யாருமே வரவில்லை.

கடைசியாக ஒரு பெண் காவலர் அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தார். அவருடைய முன்கையில் நகக் கீறல்கள். மகளின் முகம் அழுது வீங்கியிருந்தது.

அவள் உயிரோடு வருகிறாள். என் கண் அவள் கைக்குப் போனது, பை இருக்கிறதா என்று. அதை அவள் பார்த்துவிட்டாள்.

"நான் விடலம்மா. இவங்கதான் புடுங்கிப் போட்டுட்டாங்க. அடிக்காதம்மா."

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் கேட்டார்கள். மூச்சு வாங்கிக்கொண்டே அந்தப் பெண் காவலர், "நாற்காலியப் புடிச்சிக்கினு வரவே மாட்டேன்னுதுங்க. எத்தனை பேரு கூப்பிட்டோம். உங்க பொண்ணா?" என்றார். தலையை ஆட்டி அவளை வாங்கிக்கொண்டேன். அவள் உடம்பு விறைத்திருந்தது.

கடை அடுப்பில் எண்ணெய் கருகியதால் வந்த புகைதான், யாருக்கும் எதுவும் ஆகவில்லை என்றார்கள். எல்லோரும் மறுபடி வரிசையில் நின்று சோதனை முடித்து உள்ளே போனோம். எங்கள் பையைச் சுற்றிக் கயிறு கட்டி, ஆட்களைத் தள்ளி நிறுத்தியிருந்தார்கள். மோப்ப நாய் ஒன்று அதை முகர்ந்துகொண்டிருந்தது.

"யாருது இது?"

கையைத் தூக்கினேன். அத்தனை பேர் முன்னால் பையைத் திறந்து மல்லாட்டையையும் மாவையும் எடுத்துக் காட்டினேன். அதிகாரி குனிந்து மகளிடம் கேட்டார்: "கூப்பிட்டப்போ ஏம்மா எழுந்திருக்கல?"

"அம்மா சொல்லிச்சு."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அவர் திரும்பி, பையைச் சுற்றிக் கட்டிய கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார்.

விமானத்தில் ஜன்னல் ஓரம் மகளை உட்காரவைத்தேன். பையை மேலே வைக்க அவள் விடவில்லை, காலுக்கடியில் வைத்துக்கொண்டாள். பணிப்பெண் நடுவில் நின்று, ஆபத்து வந்தால் எந்த வழியாக இறங்க வேண்டும் என்று கையால் காட்டினாள். இருக்கைப் பையிலிருந்த அட்டையை மகள் எடுத்துப் பார்த்தாள். அதில் ஒரு பெட்டியின் படத்தின் மேல் சிவப்புக் கோடு போட்டிருந்தது.

"இது இன்னாம்மா?"

"பைய எடுக்காம இறங்கணுமாம்."

அந்தச் சிவப்புக் கோட்டை விரலால் தடவினாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "அம்மா, அந்த அக்கா எழுந்திருன்னு சொன்னா அவங்க சொல்றதக் கேக்கணுமா, நீ சொல்றதக் கேக்கணுமா?"

பக்கத்து இருக்கைக்காரர் செய்தித்தாளை மடித்துவிட்டு எங்களைப் பார்த்தார்.

"அவங்க சொல்றதத்தான் கேக்கணும்" என்றேன். "நான் வேற சொன்னாலும்."

சரி என்று தலையாட்டினாள். விமானம் நகர்ந்தது. அவளுடைய இரண்டு கால்களும் பையை இறுக்கிக்கொண்டிருந்தன.