சிரிக்கப் பயந்த உதடு

பாயான் லெப்பாஸில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையில், தூசி புகாத அறைக்குள் உதட்டில் எதையும் தடவிக்கொண்டு போக விடமாட்டார்கள். அந்த வறண்ட குளிரில் என் உதடு வெடித்து, சிரித்தாலே ரத்தம் கசியும். பக்கத்து இருக்கை அக்காவோ முகமூடிக்குள்ளிருந்தபடியே சூப்பர்வைசரைப் போலப் பேசிக்காட்டுவார். "சிரிக்க வைக்காதீங்க அக்கா, வலிக்குது லா!" என்று திரும்பி முறைப்பேன்.

நெய், தேன், தொப்புளில் எண்ணெய் என்று ஆளாளுக்குச் சொன்ன வைத்தியம் எதுவும் கேட்கவில்லை.

போன வருடம் அந்த அக்கா புற்றுநோயில் இறந்துபோனார். அதற்குப் பிறகுதான், ஜார்ஜ்டவுன் மருந்துக்கடையில் ஒரு பெண் என் உதட்டை உற்றுப் பார்த்து, என்ன டூத்பேஸ்ட் என்று விசாரித்துவிட்டு, "அந்தக் காரமான டூத்பேஸ்ட் உங்களுக்கு ஆகல. அத மாத்திட்டு, படுக்கும்போது வெறும் வாஸ்லின் மட்டும் போடுங்க" என்றாள். மூன்றே வாரத்தில் ஆறிவிட்டது. இத்தனை வருடப் பாடு இதற்குத்தானா என்று ஆத்திரம்தான் வந்தது.

நேற்று சூப்பர்வைசர் எங்களைத் திட்டினார். அச்சு அசல் அக்கா பேசிக்காட்டியதைப் போலவே இருந்தது. முகமூடிக்குள் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். உதடு வெடிக்கவில்லை. ஆனால் பழக்கத்தில் பக்கத்து இருக்கையைத் திரும்பி முறைத்தேன்.

அங்கே புதிதாக வந்திருந்தவள் மிரண்டுபோய், "நான் ஒன்னும் பண்ணலியே அக்கா" என்றாள்.