ஸ்காட்லாந்துத் தீர்த்தம்

அப்பாவின் கைக்கு வைத்தியம் தேடியே எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமைகள் போயின. கும்மிடிப்பூண்டியில் கெமிக்கல் கம்பெனி வேலை. முழங்கை வரை தோல் வெடித்துப் புண். அம்மா பெரியபாளையத்தில் வேப்பஞ்சேலை கட்டிக் கோயிலைச் சுற்றினாள். திருவள்ளூர் டாக்டர் களிம்பை மாற்றி மாற்றிக் கொடுத்தார். அரிப்பு மட்டும் போகவில்லை.

ஸ்காட்லாந்தில் நர்ஸாக இருந்த சித்தி, டிக்கெட் அனுப்பி விடுமுறைக்கு எங்களை அழைத்தாள். அங்கே ஒரு கிராமத்து ஊற்றில் அந்தக் காலத்துத் தோல் வியாதிக்காரர்களெல்லாம் குளித்துக் குணமானார்களாம் என்றும் போனில் சொல்லிவைத்தாள். அம்மாவுக்கு அது போதும்.

"இதுலயும் ஆவலன்னா வேலைய உட்டுடணும், சொல்லிட்டேன்" என்று அப்பாவிடம் சத்தியம் வாங்கிவிட்டுத்தான் விமானம் ஏறினாள். வேலையை விட்டால் என் பள்ளிக்கூடம் என்னாவது என்று அப்பா கேட்டதற்கு, "மொதல்ல கை" என்றாள்.

சித்தப்பாவின் கார் நின்ற இடத்தில் கல் வீடுகள், பூந்தொட்டிகள், பூட்டிக் கிடந்த பழைய குளியல் மண்டபம். நோயாளி என்று பார்த்தால் அப்பா ஒருவர்தான். ஊற்று மேட்டின் மேலே இருந்தது. தூறலில் ஏறி ஏறி எனக்குக் கால் விட்டுப்போயிற்று.

மேலே போனதும் அம்மா எல்லோரையும் ஷூவைக் கழற்றச் சொன்னாள். தீர்த்தமாயிற்றே! சேற்றில் வெறுங்காலோடு வரிசையாக நின்றோம். நாயோடு வந்த வெள்ளைக்காரப் பெண்மணி எங்கள் கால்களையே பார்த்தாள். சித்தப்பா, யாரோ எவரோ போலத் தள்ளி நின்றுகொண்டார்.

தண்ணீர் அழுகிய முட்டையாக நாறியது. அப்பா முகர்ந்துவிட்டுச் சிரித்தார்.

"இன்னாடி இது, எங்க கம்பெனி நாத்தம்! இதுக்கா இம்மாந்தூரம் வந்தோம்?"

"தீர்த்தத்தப் போயி நாத்தம்னு சொல்லாதீங்க. கண்ண மூடிக்கினு குடிங்க."

குடித்தார். மிச்சத்தை அம்மா அவர் கையில் ஊற்றி மெல்லத் தேய்த்தாள். அப்பா அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ரொம்பக் களைத்திருந்தார்.

"எரிச்சல் கொறஞ்சா மாரி கீது" என்றார்.

அம்மா அழுதுவிட்டாள். நான் சேற்றிலேயே குதித்தேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம். எங்கள் அப்பாவுக்குச் சரியாகிவிட்டது என்று ஊருக்கு வந்து பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். வேலையை விடுகிற பேச்சும் அதோடு நின்றது.

திரும்பி வந்த மறுநாளே அப்பா ஷிப்டுக்குப் போனார். அதன்பிறகு வீட்டுக்குள்ளும் எங்கள் ஊரான புதுவாயலின் வெயிலிலும் அவருக்கு முழுக்கைச் சட்டைதான். ஸ்காட்லாந்துக் குளிர் இன்னும் உடம்பை விட்டுப் போகவில்லை போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.