சுரங்க வாசலில் கற்பூரம்

வட சீனாவின் ஒரு மூலையில், நிலக்கரிச் சுரங்க வட்டாரத்தில் நான்கு மாதம் இருந்தேன். என்னைப் பார்ப்பதற்கென்றே பக்கத்து ஊரிலிருந்து சைக்கிள் மிதித்து வந்தவர்கள் உண்டு. வேலை முடிந்ததும் சுரங்கத்துப் பொதுக் குளியலறைக்குள் என்னைவிடக் கறுப்பாக நூறு பேர் நுழைவார்கள். கால் மணி நேரத்தில் வெளுத்து வெளியே வருவார்கள். நான் போனபடியே வருவேன். குளியலறைக்காரர் முதல் நாள் எனக்கு இரண்டு சோப்பு கொடுத்தார். மூன்றாம் நாள் ஒரு பிரஷ்ஷும் சேர்த்துக் கொடுத்தார்.

அப்போது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. மலேசியாவில் காப்பார் பக்கம் கரி ஏற்றும் கன்வேயர் பெல்ட் பொருத்தும் கம்பெனியில் நான் போர்மேன். அதே பெல்ட்டைச் சீனாவில் பொருத்த என்னை அனுப்பினார்கள். மொழிபெயர்க்க, என் நண்பன், கிள்ளான் ஊர்ச் சீனன் ஒருவன் துணைக்கு வந்தான். இருவரும் பேசிக்கொள்வது சந்தையில் பேசும் பாசார் மலாயில், நடுநடுவே தமிழ்.

ஊரில், பண்டமாரானில், என் மனைவிக்கு நிறைமாதம். வாரம் ஒருமுறை தபால் நிலையத்திலிருந்து போன் போடுவேன்.

"பிள்ள பொறக்கறதுக்குள்ள வரீங்களா? இல்ல, அதுவே நடந்து ஏர்போர்ட்டுக்கு வந்து உங்கள கூட்டிட்டு வரணுமா?"

"வந்துருவேன்லா. பெல்ட் ஓடணும், பாதுகாப்பு ஆபீஸர் சைன் போடணும். அவ்ளோதான்."

பெல்ட் ஓட்டிப் பார்க்கும் நாள் வந்தது. காப்பாரில் புது மோட்டாரை யாரும் சும்மா தட்டிவிட மாட்டோம். கற்பூரம் காட்டி, எலுமிச்சம்பழத்தை நசுக்கிவிட்டுத்தான் சுவிட்ச். அந்தக் குளிரில் எலுமிச்சைக்கு எங்கே போவது? ஓர் ஆப்பிள் வாங்கிக்கொண்டேன். கற்பூரம் என் பெட்டியில் இருந்தது. தீப்பெட்டி, விடுதிச் சமையலறையில் எடுத்தது.

சுரங்க வாசலில் எல்லாரையும் தடவிப் பார்த்துத் தீப்பெட்டி இருந்தால் பிடுங்குவார்கள். நான் சிகரெட் பிடிப்பதில்லை என்பதால் இரண்டாம் வாரத்திலிருந்தே என்னைச் சும்மா விட்டுவிட்டார்கள். உள்ளே கரித்தூள், வாயு, ஒரு பொறி போதும் என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். நானும் தலையாட்டினேன். ஆனால் சாமிக்குக் காட்டுவது இந்தக் கணக்கில் வராது என்று என் மண்டை எப்படி முடிவு செய்தது என்பது இன்றுவரை எனக்கே விளங்கவில்லை.

மோட்டார் முன்னால் ஆப்பிளையும் கற்பூரத்தையும் வைத்தேன். தீக்குச்சியைக் கிழித்துக் கற்பூரத்தை ஏற்றிவிட்டு, கண்ணை மூடிக் கும்பிட்டேன்.

கண்ணைத் திறந்தபோது சுற்றி நின்றவர்கள் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஒரே ஒரு தொழிலாளி மட்டும் ஓடவில்லை. அவர் எதிர்ப்பக்கமாக, என்னை நோக்கிப் பாய்ந்தார். வெறுங்கையால் கற்பூரத்தை அமுக்கி, பஞ்சுக் கோட்டைக் கழற்றி என்மேலும் அதன்மேலும் சேர்த்துப் போட்டு, ஏறி உட்கார்ந்துகொண்டார்.

என்னைப் பாதுகாப்பு அதிகாரி முன் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அவர் ஒரு பெண்மணி. சட்டைக் கை அழுக்காகாமல் இருக்க முழங்கை வரை துணியுறை, மேசையில் ஊறுகாய் பாட்டிலில் தேநீர். முகத்தில் சிரிப்பு என்பதே இல்லை. எனக்கோ, ஜெயில் கம்பிக்கு வெளியே என் பிள்ளை மீசையோடு நிற்பது தெரிந்தது.

"சொல்லுடா, என் பொண்டாட்டி பிள்ளத்தாச்சின்னு சொல்லு!"

"சொல்லிட்டேன் மச்சான். மாட்டுன எல்லாருக்கும் பொண்டாட்டி பிள்ளத்தாச்சிதான்னு சொல்றாங்க."

"அழுவட்டுமா?"

"வேணாம்லா. நீ அழுதா எனக்குச் சிரிப்பு வந்துரும்."

தீர்ப்பு வந்தது. தீ கொண்டுவந்தவர் மறுநாள் ஷிப்டு மாறும் நேரத்தில், எல்லாத் தொழிலாளர்கள் முன்னாலும் நின்று தன் தவற்றைச் சொல்ல வேண்டும். அது அங்கே வழக்கம். மனசார இருந்தால்தான் கையெழுத்து.

மறுநாள் ஏறத்தாழ இருநூறு பேர். என்ன பேசினாலும் யாருக்கும் புரியப்போவதில்லை என்ற தெம்பில் தமிழில் ஆரம்பித்தேன். "பெரியோர்களே, தாய்மார்களே" என்றேன். தாய்மார் என்று அந்த அதிகாரி ஒருவர்தான் இருந்தார், அவரும் முறைத்துக்கொண்டிருந்தார். நாலு வாக்கியம் அளந்தேன். அப்போது முதல் வரிசையில் அந்தக் கோட்டுக்காரர் கண்ணில் பட்டார். வலது கையில் கட்டு. அடுத்து அவர் கீழே இறங்க வேண்டிய ஷிப்டு.

அதோடு என் அளப்பு நின்றது. "உங்க வீட்லயும் பிள்ளைங்க இருக்கு. நான் என் பிள்ளைய மட்டும் நெனச்சுட்டேன். மன்னிச்சுக்குங்கண்ணே" என்று அவரைப் பார்த்துச் சொன்னேன். கோட்டுக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். குளிர் என்று பிற்பாடு நண்பனிடம் சமாளித்தேன்.

அவன் மொழிபெயர்க்க வாயைத் திறந்தான். அந்த அம்மாள் கையைக் காட்டி நிறுத்தினார். தேவையில்லையாம்.

அன்று மாலை பெல்ட் ஒரு வில்லைக் கற்பூரமும் இல்லாமல் ஓடியது. தாளில் கையெழுத்துப் போட்ட அம்மாள், கீழே இன்னும் ஏதோ எழுதினார்.

"என்னடா எழுதுறாங்க? கேஸா?"

"ரயில் ஸ்டேஷனுக்கு ஜீப் குடுக்கச் சொல்லி எழுதுறாங்க. மனைவிக்குப் பிரசவமாம். ஒடனே கெளம்பணுமாம்."

மகள் பிறப்பதற்கு இரண்டு நாள் முன்பாகவே பண்டமாரான் வந்து சேர்ந்துவிட்டேன். நடுவில் ஒரே ஒரு தடங்கல். சுரங்க எல்லையைத் தாண்டியதும் ஜீப் டிரைவர் வாயில் சிகரெட்டை வைத்துத் தீக்குச்சியைக் கிழித்தார். நான் கோட்டைக் கழற்றி அவர்மேல் பாய்ந்துவிட்டேன். ஜீப்பைப் பள்ளத்திலிருந்து தள்ளி ஏற்ற அரை மணி நேரம் ஆனது.