நாய்க்குட்டிக்கு வீடு பார்த்த நாள்

நாய் வாங்க நினைப்பவர்கள் போய் நாயைப் பார்ப்பார்கள். எங்கள் வீட்டில் நடந்தது தலைகீழ். குட்டியைக் கொடுக்கிறவர் எங்களைப் பார்க்க வந்தார்.

அப்போது நான் நான்காம் வகுப்பு. தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் வழியில், மேலகரத்தில் எங்கள் வீடு. அப்பாவின் கைப்பேசியில் ஒரு சிப்பிப்பாறை நாய் வரப்பில் பாய்ந்து ஓடும் வீடியோவைப் பார்த்துவிட்டு, அதே மாதிரி வேண்டும் என்று இரண்டு மாதம் அவர் உயிரை எடுத்தேன். விசாரித்ததில் திருவேங்கடம் பக்கம் ஒரு அண்ணாச்சி அந்த நாய்களை வளர்ப்பது தெரிந்தது. குட்டிகளை அவர் விற்பதில்லையாம், சும்மாதான் கொடுப்பாராம். ஆனால் வீட்டையும் ஆட்களையும் பார்த்து அவருக்கு மனசு ஒப்ப வேண்டும்.

அதற்கு முன் எங்கள் வீட்டை அப்படிப் பார்க்க வந்தவர்கள் அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்கள்தான். அம்மாவுக்குத் தெரிந்த ஏற்பாடும் அது ஒன்றுதான். கேசரி கிண்டினாள், வாழைக்காய் பஜ்ஜி போட்டாள், பக்கத்து வீட்டில் நாற்காலி இரவல் வாங்கினாள், எனக்குப் பட்டுப்பாவாடை கட்டிவிட்டாள். நாய்க்குட்டி பார்க்கப் பட்டுப்பாவாடை எதற்கு என்று கேட்டதற்குத் தலையில் ஒரு குட்டு விழுந்தது.

சாரல் விழுந்துகொண்டிருந்த அந்த ஞாயிற்றுக்கிழமை, அண்ணாச்சி ஒயர்கூடையில் குட்டியோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். சந்தன நிறக் குட்டி. உடம்பு கொஞ்சம், மிச்சமெல்லாம் கால். கீழே விட்டதுதான் தாமதம், வாசல் கோலத்தைக் கலைத்து, வீட்டை மூன்று சுற்றுச் சுற்றி, அக்காவின் துப்பட்டாவைக் கவ்விக்கொண்டு ஓடியது. அக்கா சிரித்துக்கொண்டே துரத்தினாள். நான் கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது.

அண்ணாச்சி நாற்காலியில் உட்காரவே இல்லை. மதில் சுவர் எட்டும் உயரமா என்று கையை நீட்டிப் பார்த்தார். கொல்லைப்புறத்தில் நடந்து பார்த்தார். அப்பா பக்கத்துக் காலி மனையைக் காட்டி, "அங்கன கெடக்கதும் நம்ம எடந்தான் அண்ணாச்சி" என்றார். அது நம்முடையது இல்லையே என்று நான் வாயெடுக்க, அம்மா தொடையில் கிள்ளினாள். பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவளும் அவள்தான். ஒன்றும் புரியவில்லை.

"எல்லாஞ் சரி. தெனமும் காலையில இதுகூட ஓடுததுக்கு யாரு இருக்கா? கட்டிப்போட்டு வளக்குத நாயி இல்ல இது. ஓட விடலன்னா சீக்கு வந்துரும்" என்றார் அண்ணாச்சி.

அப்பாவுக்கு மூட்டுவலி. அம்மாவுக்கு அடுப்படி. என்னை ஏழு மணிக்கு எழுப்பினாலே அழுவேன். அப்பா பெருமையாக அக்காவைக் காட்டினார்.

"எம் மூத்தவ இருக்கால்லா! போலீஸ் செலக்‌ஷனுக்குன்னு தெனமும் ஐந்தருவி வரைக்கும் ஓடிட்டு வருதா."

அண்ணாச்சி முகம் மலர்ந்தது. எனக்கும்தான். குட்டிக்குப் பெயர்கூட யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். அம்மா சும்மா இருந்திருக்கலாம். சந்தோஷத்தில், ஐப்பசியில் மூத்தவளுக்குக் கல்யாணம், மாப்பிள்ளை சென்னையில் வேலை என்று சொல்லிவிட்டாள்.

அண்ணாச்சி அக்கா பக்கம் திரும்பினார். "இது ஒருத்தர்ட்ட ஒட்டிக்கிட்டா அப்பொறம் விடாது. நீ போயிட்டா பட்டினி கெடக்கும். கூடக் கூட்டிட்டுப் போவியா தாயி? போற வீட்டுல ஓடுததுக்கு எடம் இருக்கா?"

"தெரியாது" என்றாள் அக்கா. குட்டி அவள் மடியில் இருந்தது. "யாரும் கேக்கல."

அண்ணாச்சி ஒரு சொம்பு தண்ணீர் மட்டும் குடித்தார். கேசரியைத் தொடவில்லை. பெண் பார்க்க வந்த இடத்தில் சம்மதம் இல்லையென்றால் கை நனைக்க மாட்டார்கள். அம்மா தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். குட்டி மறுபடியும் ஒயர்கூடைக்குள் போய்விட்டது.

பட்டுப்பாவாடையோடு தரையில் புரண்டு அழுதேன். அது நியாயம். நாயைக் கேட்டவள் நான். ஆனால் அக்கா எதற்குக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள் என்று விளங்கவில்லை. மறுநாள் காலை அவள் ஓடப் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. கல்யாண வேலை இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஐப்பசி வரைக்கும் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. கல்யாணம் முடிந்து காரில் ஏறும்போது என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். அத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததை அப்போதுதான் கொட்டினேன்.

"உன்னாலதான் நாயி போச்சு."

"ஆமாட்டி, என்னாலதான்" என்றாள் அக்கா.

ஒருவழியாகத் தப்பை ஒப்புக்கொண்டுவிட்டாள் என்று எனக்குப் பெரிய திருப்தி. கார் தெரு முனை திரும்பும் வரை கையாட்டினேன்.